இலையில் கறுத்த எழுத்து

எனக்குப் படிக்க வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். அப்படியொரு நாள் யாருக்கும் இருக்காது, படிப்பு மெல்ல மெல்லத்தான் வரும் என்பார். அவருக்கு மெல்ல வந்திருக்கலாம். எனக்குப் பிரிக்பீல்ட்ஸில், ஒரு முடிதிருத்தும் கடைக்கு எதிரே, ஒரே நொடியில் வந்தது.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பள்ளி விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது அந்தக் கடையின் பலகையைத் தினமும் எழுத்துக் கூட்டுவேன். மு, டி, தி, ரு என்று இழுத்து முடிப்பதற்குள் கடை பின்னால் போய்விடும். அன்றைக்கு நான் எதையும் கூட்டவில்லை. தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நிமிர்ந்தேன். 'முடிதிருத்தும் நிலையம்' என்று தலைக்குள் யாரோ சொன்னார்கள்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் ஹேண்ட்போனில் பேசிக்கொண்டு வந்தாள். அடுத்த கடையைப் பார்த்தேன். 'பூமாலைகள் கிடைக்கும்.' அதற்கடுத்தது. 'பழைய நகை வாங்கப்படும்.' நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்து நின்றது. பயந்துபோய் வேகமாக நடந்தேன். நான் வேகமாக நடக்க நடக்கப் பலகைகளும் வேகமாகப் பேசின. குனிந்து தரையைப் பார்த்தால், சாக்கடை மூடியிலும் ஏதோ பொறித்திருந்தது. அதுவும் பேசியது.

இதில் என்னை உண்மையாகவே நடுங்க வைத்தது ஒன்று உண்டு. பேசிய குரல் என்னுடையது இல்லை. அது என் மாமாவின் குரல்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறை அவருடையது. பாலம் தாண்டிப் போகிற கேரி தீவில் ஒருவருடைய தோட்டத்தில் வாழையிலை வெட்டி, கட்டுக் கட்டாக வேனில் ஏற்றி வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். காலையில் கிளம்பும் முன் தே ஓ, அதாவது பால் விடாத தேத்தண்ணி, குடித்துக்கொண்டே தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பார். முதல் பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நேராக மரண அறிவிப்புகளுக்குப் போய்விடுவார். "இவரப் பாருங்க, செத்ததுக்கு அப்புறமும் யார் மேலயோ கோவமாத்தான் இருக்காரு" என்று படத்துக்குப் படம் விமர்சனம் வேறு. நான் காலணிக்கு வார் மாட்டுவதும் பல் துலக்குவதும் இந்தக் குரலைக் கேட்டபடிதான். அதனால் என் தலைக்குப் படிக்க ஒரு குரல் தேவைப்பட்டபோது, கைக்குக் கிடைத்த குரலை அது எடுத்துக்கொண்டது. இப்போது யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஏழு வயதில் அப்படி யோசிக்க முடியவில்லை.

மாமாவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அது ஏமாற்றுவது. ஒரு முறை நாள்காட்டியில் வியாழக்கிழமைத் தாளை முன்கூட்டியே கிழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல் உட்கார்ந்துகொண்டார். அம்மா வெள்ளிக்கிழமை என்று நினைத்துத் தலைக்குக் குளித்து, வீட்டைக் கழுவி, சாம்பார் வைத்துவிட்டாள். பொரித்த மீனை எதிர்பார்த்து வந்த அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து சாம்பாருக்குள் மீனைத் தேடிக்கொண்டிருந்தார். இப்படி எத்தனையோ. மாமா சொல்வதை நம்புகிறவருக்கு மூளை இல்லை என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அந்தச் சட்டம்தான் அவருக்கு எமனாக வந்தது.

என் தலைக்குள் குரல் வந்ததற்கு மறுநாள் காலை. மாமா பேப்பரை விரித்தார். மடித்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"அக்கா, பேப்பர்க்காரன் சீன பேப்பர் போட்டுட்டுப் போயிட்டான்!"

அம்மா எட்டிப் பார்த்தாள். அவர் கையில் இருந்தது எப்போதும் வருகிற அதே தமிழ்ப் பேப்பர்தான். மேலே பெரிய எழுத்தில் பெயர் இருந்தது. எனக்கே அது கேட்டது. அப்பா குடித்த தேத்தண்ணி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். "காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியாடா?" என்று அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாமா எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு தாமதமாக வந்தது. மாமா எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் சிரிக்கிறவர். அன்று எங்களைப் பார்த்து, எங்களைப் போல வாயைத் திறந்து சிரித்தார். அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்வது என்று தெரியாமல் பள்ளிக்கூடம் போனேன்.

அன்று காலையே அவரை யாராவது மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். மூளையின் பின்பக்கத்தில், இடப்புறமாக, சொல்லைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்கிற ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே போகிற ரத்தக் குழாயில் இரவோடு இரவாக அடைப்பு ஏற்பட்டிருந்தது. பேச்சு போகவில்லை, கை கால் போகவில்லை. படிப்பு மட்டும் போய்விட்டது. கூடவே இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. ஒரு அடைப்பு வந்தவருக்கு அடுத்தது வர அதிக நேரம் எடுக்காது. இதெல்லாம் தெரியாமல் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் சாவியை எடுத்துக்கொண்டு வேனை ஓட்டப் போனார்.

பள்ளி விடுமுறை தொடங்கியது. "பாப்பா என்னோட வரட்டும், அக்கா. வீட்ல இருந்தா டிவிதான் பாக்கும்" என்றார் மாமா. அதுவரை ஒருநாளும் என்னைக் கூட்டிப் போகாதவர். அம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு அதைவிட.

வேனில் ஏறியது முதல் அவர் என்னைச் சோதித்தார். அப்படித்தான் நான் நினைத்தேன். "பாப்பா, அந்தப் பச்சை போர்டுல என்ன போட்டிருக்கு?" 'கிள்ளான்' என்பேன். "இதுல?" 'ஷா ஆலம்' என்பேன். "அட, கெட்டிக்காரி லா!" என்பார். ஹேண்ட்போன் அடித்தால் என்னிடம் நீட்டுவார். "யாருன்னு படி பாக்கலாம்." கடைக்காரர் ரசீது கொடுத்தால் அதையும் நீட்டுவார். எந்த மாமாவும் மருமகளைச் சோதிப்பதுதானே. நான் வாயெல்லாம் பல்லாகப் படித்துக்கொண்டே போனேன்.

ஆனால் சில விஷயங்கள் சரியாக இல்லை. அவர் வலது கை விரல் சும்மா இருக்காது. சிவப்பு விளக்கில் வேன் நிற்கும்போது அந்த விரல் தொடைமேல் எதையோ வரைந்துகொண்டே இருக்கும். கண் ஒரு பலகையில் நிற்கும், விரல் தானாக அசையும், உதடு முணுமுணுக்கும். மந்திரவாதிகள் இப்படித்தான் செய்வார்கள் என்று பள்ளியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். பலகையில் இருந்த எழுத்தின் வளைவுகளைத் தொடையில் எழுதிப் பார்த்து, கை சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் கைவிட்ட எழுத்துக் கூட்டலை அவர் தொடங்கியிருந்தார்.

வீட்டிலும் அப்படியே. கதவைத் தாண்டும்போது வலது தோள் நிலையில் இடித்துக்கொள்ளும். வலப்பக்கம் வைத்த தே ஓவைத் தட்டிவிடுவார். "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று அம்மா துணியோடு வருவாள். "வித்துட்டேன் அக்கா" என்பார். அதற்கும் சிரிப்போம்.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை ஒன்றில் இலைக்கட்டை இறக்கிவிட்டு நின்றோம். கல்லாவில் இருக்கும் ஆன்டி கட்டைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தவர், பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"என்ன தம்பி இது? இலையில எழுத்து இருக்கு."

எட்டிப் பார்த்தேன். பச்சை இலையின் நடுவில், கரும்பழுப்பாக, மெல்லிய கோடுகளில் ஒரு சொல். பேனா இல்லை, மை இல்லை. இலைக்குள் இருந்தே கசிந்து மேலே வந்ததுபோல் இருந்தது. ஆன்டி ஈரத் துணியால் தேய்த்தார். அது அழியவில்லை.

"காலையில வெட்டும்போது இல்லையே" என்றார் மாமா.

"வாழைத் தோப்புல பொந்தியானாக் இருக்கும்னு சொல்லுவாங்க. தெரியும்தானே? செத்துப்போன பொம்பள. அவ எழுதியிருப்பா." ஆன்டி விளையாட்டாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா தெரியவில்லை. அந்த இலையை மட்டும் விரல் நுனியால் இழுத்துத் தள்ளி வைத்தார்.

மாமா அதைக் கையில் எடுத்தார். முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். அவர் முகத்தில் அந்நியர் ஒருவரைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, படி."

படிக்கத் தேவையே இருக்கவில்லை. பார்த்த உடனே அது என் தலைக்குள் சொல்லிவிட்டது, அதுவும் மாமாவின் குரலில். 'நான்தான்.'

"நான்தான்னு போட்டிருக்கு, மாமா."

"சரியா பாரு."

"நான்தான், மாமா. வேற ஒண்ணும் இல்ல."

மாமா பயப்படவில்லை. பரீட்சை முடிவு வந்த பையனைப் போலத் தலையை ஆட்டினார். "சரிதான்" என்று மெல்லச் சொல்லி, அந்த இலையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேயைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று திரும்பும் வழியில் நான் கணக்குப் போட்டேன். எனக்குப் படிக்க வந்தது முடிதிருத்தும் கடைக்கு எதிரே. மறுநாள் காலை மாமாவுக்குப் பேப்பர் சீனமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் உரக்கப் படிக்கவில்லை. என்னைத்தான் படிக்கச் சொல்கிறார். என் தலைக்குள் பேசுவதோ அவருடைய குரல். இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். அவரிடம் இருந்தது என்னிடம் வந்துவிட்டது. நான் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

திருப்பிக் கொடுப்பது எப்படி என்று யோசித்தேன். நான் படிக்காமல் இருந்தால் அது தானாகத் திரும்பிப் போய்விடும் என்று தோன்றியது. எனவே படிப்பதை நிறுத்தத் தீர்மானித்தேன்.

நீங்களும் முயன்று பாருங்கள். ஒரு சொல்லைப் பாருங்கள், ஆனால் படிக்காதீர்கள். வெறும் கோடாக, வளைவாக, புள்ளியாக மட்டும் பாருங்கள். நான் பிரிக்பீல்ட்ஸ் தெரு முழுக்க முயன்றேன். ஒன்றரைக் கண்ணாக்கிப் பார்த்தேன். வாய்க்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே பார்த்தேன். தலையைச் சாய்த்து, காலுக்கிடையில் குனிந்து தலைகீழாகக்கூடப் பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எதுவும் பலிக்கவில்லை. நான் கதவைச் சாத்தப் போவதற்குள் சொல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அர்த்தம் தெரியாத மலாய்ச் சொற்கள்கூட அர்த்தத்துக்குக் காத்திராமல் ஒலித்தன. சீனப் பலகைகள் மட்டும் ஊமையாக இருந்தன. மருந்துக்கடைக்கு மேலே இருந்த சிவப்புச் சீன எழுத்துகளையே வெறித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சில நிமிடம் தலைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். மறுநாள் வேனில் ஏறியதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"தூக்கமா, பாப்பா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா."

கொஞ்ச தூரம் போனதும் வழக்கம்போல் கேட்டார். "அது என்ன போட்டிருக்கு?"

"தெரியல, மாமா."

 பெடரல் நெடுஞ்சாலையின் இரைச்சல் எனக்குக் கேட்டது. கேரி தீவுக்குப் போகும் வழி அவர் கைக்கும் காலுக்கும் பழக்கம். எதையும் படிக்காமலே பல நாளாக ஓட்டிக்கொண்டிருந்தார். கிள்ளானுக்குள் நுழைந்திருப்போம். வேன் வலப்பக்கம் ஒதுங்கியது. உடனே டமார் என்று ஒரு சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம். ஒரு மோட்டார் சைக்கிள் அலறிக்கொண்டு எங்களைத் தாண்டியது. அதை ஓட்டியவன் "குருடா நீ?" என்று மலாயில் கத்தியது கேட்டது. மாமாவின் பக்கம் இருந்த பக்கக் கண்ணாடி போய்விட்டது. அப்போதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எல்லாம் வீணாகிவிடும்.

அதற்குப் பிறகு வேன் மெதுவாகியது. பின்னால் ஹார்ன் சத்தம்.

"இது எப்பவும் நேரா போற ரோடு" என்றார் மாமா, தனக்குத்தானே. "ஏன் மூடி வச்சிருக்கான்? பாப்பா, அங்க ஆரஞ்சு போர்டு வச்சிருக்கான். பெருசா ஏதோ போட்டிருக்கான். என்னான்னு சொல்லு."

நான் கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

"பாப்பா. கொஞ்சம் பாரு லா."

மாமாவின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவருக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்று இருந்தது. பின்னால் ஹார்ன் கூடிக்கொண்டே போனது. வேன் ஏதோ ஒரு பக்கம் திரும்பியது. அப்புறம் இன்னொரு திருப்பம். பின் நேராக, நீண்ட நேரம். லோரிச் சத்தம் குறைந்தது, மோட்டார்ச் சத்தம் குறைந்தது, சக்கரத்துக்கடியில் தார் போய்க் கல் வந்தது. எஞ்சின் நின்றது.

"கண்ணத் திற" என்றார் மாமா. "இங்க எங்கயும் எழுதல."

திறந்தேன். இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய்க்கு வளர்க்கிற பனை. பகல்தான், ஆனால் மரத்தடியில் இருட்டிக் கிடந்தது. ஒரே மாதிரி மரங்கள், ஒரே இடைவெளி, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பாதை. ஒரு பலகை இல்லை, கடை இல்லை, தாள் இல்லை. என் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. பல நாளுக்குப் பிறகு அங்கே நான் மட்டும் இருந்தேன். அது நிம்மதியா பயமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. மாமாவும் வேனின் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் தொடைமேல் அசையாமல் கிடந்தது.

"எதுக்கு கண்ண மூடிக்கிட்டு வந்தே?"

"படிக்கக் கூடாதுன்னு."

"ஏன்?"

"நான் படிச்சா உங்களுக்கு வராது, மாமா. உங்களோடத நான் எடுத்துட்டேன். உள்ள படிக்கிறது உங்க குரல்தான்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எப்பலருந்து?"

"முடிவெட்டுற கடைகிட்ட வந்துச்சு. மறுநாள்தான் உங்க பேப்பர் மாறிப்போச்சு."

மாமா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

"எனக்கு எல்லாமே சீன போர்டு மாதிரி தெரியுது, பாப்பா. தமிழும் அப்படித்தான், மலாயும் அப்படித்தான். எழுத வருது. எழுதிட்டு திரும்பிப் பாத்தா, யாரோ எழுதி வச்ச மாதிரி இருக்கு."

"அம்மாகிட்ட சொல்லலாம்தானே?"

"சொன்னேனே. மொத நாளே சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். மரங்களுக்குள் எங்கோ ஒரு மட்டை முறிந்து விழுந்தது.

"அன்னைக்கு இலையில எழுதினது யாரு, மாமா?"

"நான்தான்" என்றார். "இலையில நகத்தால கீறினா உடனே ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் போனா அதுவா கறுத்து மேல வரும். தோட்டத்துல உக்காந்து எழுதிப் பாப்பேன், கறுத்ததும் படிக்க வருதான்னு. அதுல ஒண்ணு கட்டுல கலந்து போச்சு. நீ படிச்சதாலதான் அது என் கைன்னு எனக்கே தெரிஞ்சுது."

"திருப்பிக் குடுத்துடறேன், மாமா. நான் இனிமே படிக்கவே மாட்டேன்."

அவர் என் தலையில் கை வைத்தார். "வேணாம். நீயே வச்சுக்கோ. பத்திரமா வச்சுக்கோ."

பின்னால் முந்தைய நாள் மீந்த இலை கிடந்தது. அதில் உள்ளங்கை அளவு கிழித்து, ஸ்டீரிங்மேல் வைத்து, கட்டைவிரல் நகத்தால் எதையோ எழுதினார். ஒரு சொல் இல்லை, கொஞ்சம் நீளமாக, வரிவரியாக எழுதினார். எழுதி முடித்தபோது இலை வெறும் பச்சையாகவே இருந்தது. அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"இப்ப தெரியாது. கறுத்ததும் படி."

திரும்பி வரும்போது நான்தான் படித்தேன். அவர் வச்சுக்கோ என்று சொன்ன பிறகு மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கல் ரோடு முடிந்து தார் வந்ததும் ஒவ்வொரு பலகையாகச் சொன்னேன். ஆரஞ்சுப் பலகையில் 'லென்சோங்கான்' என்று இருந்தது. எனக்கு அர்த்தம் தெரியவில்லை. "சுத்திப் போன்னு அர்த்தம்" என்றார் மாமா. நான் படிக்க, அவர் விளங்கிக்கொண்டு ஓட்டினார். வலப்பக்கம் ஏதாவது வந்தால் அதையும் சொன்னேன். அன்று இலை வெட்டவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலிலேயே அம்மாவிடம் சொன்னேன். "மாமாவுக்கு படிக்க வரலம்மா. அத நான் எடுத்துட்டேன்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்கிட்டயும் ஆரம்பிச்சிட்டானா? டேய், பச்சப் புள்ளகிட்ட என்னடா சொல்லி வச்சிருக்கே?" அவளுக்குப் பின்னால் மாமா நின்றார். நான் அவரைப் பார்த்தேன். இந்த முறையாவது இல்லையென்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். பிறகு அம்மாவைப் போலவே சிரித்தார்.

இலைச் சுருளை நான் பென்சில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிரித்துப் பார்க்கவில்லை. வச்சுக்கோ என்று அவர் சொன்னாலும், எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. இந்த ஒன்றையாவது நான் படிக்காமல் விட்டால் இந்த ஒன்றாவது அவரிடம் திரும்பிப் போகும். பார்த்தால் தலை படித்துவிடும் என்று தெரியும். அதனால் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை தே ஓ குடிக்கும்போது மாமா தாழ்ந்த குரலில் கேட்டார். "படிச்சியா?"

"இல்ல மாமா. சத்தியமா படிக்கல" என்றேன். பெருமையாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, கறுக்கட்டும்" என்றார். சாவியை எடுத்தார். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, வேனுக்குப் பக்கக் கண்ணாடி மாட்டாமல் என்னை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு நிலையில் தோள் இடித்தது.

அன்றைக்கே வாழைத் தோட்டத்தில் கத்தி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் கிடந்தாராம். தோட்டக்காரர்தான் கிள்ளான் மருத்துவமனையில் சேர்த்தார். கொஞ்ச நாள் இருந்தார், வாய் பேசவில்லை. தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது இரண்டாவது அடைப்பு, முதலாவது வந்து நாளாகிறது, அதிலிருந்து இவரால் படித்திருக்கவே முடியாதே, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க விரும்புகிறேன். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டில் இருந்தவரை அவள் தமிழ்ப் பேப்பர் வாங்கவில்லை.

மாமாவின் படம் மரண அறிவிப்புப் பக்கத்தில் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினார்கள். நான் பார்த்தேன். அவருடைய பெயரை, அவருடைய குரலே எனக்குள் படித்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகுதான் பென்சில் பெட்டியைத் திறந்தேன். இனித் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை, எனவே படிக்கலாம் என்று நினைத்தேன். இலை காய்ந்து சுருங்கியிருந்தது. பிரித்தபோது நொறுங்கியது. கறுத்தால் எழுத்து தெரியும் என்று மாமா சொல்லியிருந்தார். இலையே கறுத்துப்போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் எது, நரம்பு எது என்று பிரிக்க முடியவில்லை. நகத்தால் தடவிப் பார்த்தேன், தூளாகியது.

அவர் தன் சொற்களை என்னிடமிருந்து திரும்ப வாங்க நினைக்கவே இல்லை, யாராவது படித்துச் சொன்னால் போதும் என்றுதான் காத்திருந்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. புரிவதற்குப் பல வருடம் ஆனது. இன்றைக்கும் செராஸில் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, கடைப் பலகை, லோரியின் பின்பக்கம், தெருப்பெயர் எல்லாவற்றையும் நான் கேட்காமலே மாமா எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வருகிறார். அந்த இலையில் எனக்காக எழுதியதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.